கற்பூரக் கரியும் சுண்ணாம்பும்

துவக்கை வாங்குகிறவர் ஒருவர், தோளில் வைக்கிறவர் இன்னொருவர். எங்கள் தோட்டத்து வழக்கம் அது. அப்பா காவல்காரராக இருந்த காலமெல்லாம் அவர் கையில் இருந்தது பர்மிங்ஹாமில் செய்த ரெட்டைக் குழல் துவக்கு. அதைச் சொல்லிச் செய்வித்த துரைக்கு ஆறடிக்கு மேல் உயரம். அப்பா ஐந்தடி மூன்றங்குலம். துரை சீமைக்குத் திரும்பியபோது துவக்கைத் தோட்டத்துக்கே விட்டுவிட்டுப் போனார். பின்னால் வந்த துரைமாருக்கு வேட்டையில் நாட்டமில்லை. அதனால் எல்லாரும் அதைக் காவல்காரர் துவக்கு என்றே சொன்னார்கள். லைசன்ஸ் மட்டும் பங்களாவில் இருந்தது.

ஷாட்கன்னில் பின்குறி கிடையாது. குழலின் நுனியில் ஒரு பித்தளை மணி இருக்கும், அவ்வளவுதான். சுடுகிறவரின் கண்ணே பின்குறி. கன்னம் கட்டையில் எங்கே படிகிறதோ அங்கேதான் கண் நிற்கும். கண் நிற்கும் இடத்தைப் பொறுத்துத்தான் ஈயம் போகும். இங்கிலாந்தின் பெரிய துவக்குக் கடைகளில் இதற்காகவே அளவெடுக்கும் துவக்கு ஒன்று வைத்திருப்பார்கள். அதன் பிடங்கை நீட்டலாம், குறுக்கலாம், கீழே இறக்கலாம், பக்கவாட்டில் சாய்க்கலாம். வாங்க வந்தவர் அதைத் தோளில் வைப்பார். கடைக்காரர் எதிரே நின்று, குழலின் மேலாக அவருடைய கண் எங்கே தெரிகிறது என்று பார்த்துத் திருகுகளைத் திருகுவார். விசையிலிருந்து பிடங்கின் அடிவரை நடுத்தர ஆளுக்குப் பதினாலரை அங்குலம் வரும். எங்கள் தோட்டத்துத் துவக்கு பதினைந்தையும் தாண்டியது.

தச்சாசாரியிடம் கொடுத்து ஒன்றரை அங்குலம் அறுத்தால் தீர்ந்தது. ஆனால் கம்பனிச் சாமான். அதில் ஒரு கீறல் விழுந்தாலும் ஆபீசில் பதில் சொல்ல வேண்டும். துவக்கில் கை வைக்க முடியாததால் அப்பா மற்றதையெல்லாம் மாற்றினார். எங்கள் தோட்டம் அப்புத்தளைக்குக் கீழே, கொஸ்லந்தைப் பக்கம் இறங்குகிற சரிவில் இருந்தது. மார்கழிப் பனியில் கம்பளி இல்லாமல் ஒருவரும் வெளியே கால் வைக்க மாட்டார்கள். அப்பா காவல் குடிசை வரைக்கும் கம்பளி போர்த்திக்கொண்டு போவார். துவக்கை எடுக்கும்போது கழற்றிவிடுவார். கம்பளியின் ஒரு மடிப்பு தோளில் கிடந்தாலே பிடங்கு அரை அங்குலம் நீண்டதற்குச் சமம். தூக்குகிற வேகத்தில் அது அக்குளில் போய்ச் சிக்கும். அந்தக் குளிரில் வெறும் பெனியனோடு ஒரு மனுஷன் நிற்பதைக் கண்டவர்கள் சாராயத்தின் வேலை என்று பேசிக்கொண்டார்கள். அவர் வாயில் சாராயம் பட்டதே கிடையாது. குழலைத் தாங்குகிற இடது கையையும் பின்னுக்கு இழுத்து, விசைக்குக் கிட்டவே வைத்துப் பழகிக்கொண்டார். படத்தில் பார்க்கிற வேட்டைக்காரர்கள் யாரும் அப்படிப் பிடிப்பதில்லை.

ரெட்டைக் குழல் என்றால் ஒரே மாதிரி இரண்டு குழல் என்று பலர் நினைக்கிறார்கள். வலது குழலின் வாய் கொஞ்சம் தளர்வாக இருக்கும். ஈயம் சீக்கிரமே பரவிவிடும். இடது குழலின் வாய் இறுக்கம். ஈயம் கூட்டமாகத் தூரம் போகும். முன்விசை வலதுக்கு, பின்விசை இடதுக்கு. பறந்து விலகிப்போகும் பறவைக்கு முதலில் வலது, பிறகு இடது என்று சீமையில் கணக்குப் போட்டு வைத்தது அது. காட்டுப்பன்றி பறவையல்ல. மரவள்ளிக் கிழங்கு தோண்ட வருகிறது, நம் பக்கமாகத்தான் வருகிறது. அப்பா கணக்கைத் திருப்பிப் போட்டார். தூரத்தில் தெரியும்போதே பின்விசை. தப்பிக் கிட்ட வந்தால் முன்விசை. இரவில் விரல் தானாகப் பின்விசையைத் தேடிப் போகும்படி சாயங்காலத்தில் வெறும் துவக்கை வைத்துக்கொண்டு லயத்துப் பின்புறம் பழகுவார். அம்மா திட்டுவார்.

துவக்கைத் தன் வேலைக்கேற்ப யோசித்தவர் அப்பா மட்டுமல்ல. பதுளையில் நான் படிப்பித்த காலத்தில், டவுனில் உள்ள புனித மாற்கு தேவாலயத்தைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போவேன். அந்தத் தேவாலயம் மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்பவரின் ஞாபகத்துக்குக் கட்டப்பட்டது. பதுளையை நிர்வகித்த வெள்ளைக்கார அதிகாரி. ஆயிரத்து நானூறு யானைகளுக்கு மேல் சுட்டவர் என்பது அவரைப் பற்றிய பேச்சு. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். நுவரெலியாவில் இருக்கும் அவருடைய கல்லறையையும் மின்னல் விடவில்லை என்று மலைநாட்டில் எல்லாச் சாதியாரும் ஒரே குரலில் சொல்வார்கள். அவருக்குச் சற்றுப் பின்னால் நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர், துவக்கைத் தெரிவு செய்வது பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர். பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் என்பவர் அவருக்குச் செய்து கொடுத்த ரைபிள் 21 இறாத்தல் நிறை; ஒரு தடவைக்கு 16 டிராம் மருந்து. தூக்கிக்கொண்டு காட்டில் நடந்தவர்கள் வேறு ஆட்கள் என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். யானையைக் கொன்று குவித்ததில் எனக்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் எந்தத் துவக்கு, எவ்வளவு நிறை, எவ்வளவு மருந்து என்று ஒரு மனுஷன் தன் உடம்பையும் வேலையையும் வைத்து யோசித்ததற்கு எங்கள் மலையில் எழுத்தில் நான் கண்ட பழைய சாட்சி அதுதான். எங்கள் ஆட்கள் யோசித்ததை யாரும் எழுதி வைக்கவில்லை.

அப்பாவுக்குக் குறி பார்க்கும் வித்தை தியத்தலாவையில் கிடைத்தது. 1900இல் போயர் யுத்தக் கைதிகளைக் கொண்டுவந்து அடைத்த அதே தியத்தலாவை. அதே 1900இல்தான் தோட்டத்துத் துரைமாருக்கென்று சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர் என்ற தொண்டர் படையையும் தொடங்கினார்கள்; 1949இல் கலைத்தார்கள். அதில் சேர்ந்திருந்த துரைமார் முகாமுக்குப் போகும்போது பங்களாப் பையன்களையும் கூட்டிப்போவார்கள். அப்பா அப்போது பங்களாப் பையன். துரை சப்பாத்துக்குப் பாலிஷ் போடுவது, தேத்தண்ணி ஊற்றுவது, சுடும் திடலில் வெறுங்கூடு பொறுக்குவது. அங்கே அவர் கண்டதில் ஒன்றை மட்டும் சாகும்வரை வியப்போடு சொல்லிக்கொண்டிருந்தார்: துரை ரைபிளுக்குக் கற்பூரம் காட்டினார்!

பூஜையல்ல. வெயிலில் முன்குறி மினுங்கினால் மினுங்குகிற பக்கம் பெரிதாகத் தெரியும். குண்டு மறுபக்கம் ஒதுங்கும். கற்பூரத்தைக் கொளுத்தி அந்தப் புகையில் முன்குறியைக் காட்டினால் மினுக்கமே இல்லாத மட்டான கரி படியும். மெழுகுதிரிப் புகையைவிடக் கற்பூரப் புகை நல்லது என்பது அந்தக் காலத்து ரைபிள்காரர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். மாரியம்மன் கோயில் கற்பூரத்துக்கு இப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதை அப்பா அங்கேதான் அறிந்தார்.

காவல்காரரானதும் அவருக்குத் தேவைப்பட்டது நேர்மாறான வைத்தியம். பன்றி வருவது இரவில். கரி பூசினால் மணியே தெரியாது. வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டு மணியில் ஒரு பொட்டு வைப்பார். நிலவில்லாத இரவிலும் மங்கலாக ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். சுண்ணாம்பு காய்ந்து உதிராமல் இருக்க அதில் ஒரு துளி தேங்காய் எண்ணெய். பகலில் ஆபீசில் துவக்கை ஒப்படைக்கும்போது துடைத்துவிட வேண்டும், கம்பனிச் சாமான். பிறகு டார்ச் வந்தது. சைக்கிள் டியூப் கீற்றால் குழலோடு சேர்த்துக் கட்டினார். கட்டின நாளிலிருந்து துவக்கின் முன்பக்கம் கனத்துவிட்டது என்று அவிழ்த்துப்போட்டு, ஒரு பொடியனைப் பக்கத்தில் நிறுத்தி டார்ச் பிடிக்கச் சொன்னார். பல இரவுகள் அந்தப் பொடியன் நான்தான். அவர் முழங்கையால் இடிக்கும்போது சுவிட்சைத் தட்ட வேண்டும். அதற்கு முன்னும் கூடாது, பின்னும் கூடாது. கொழுந்து மலையில் கான் தாண்டும் ஒவ்வொரு தடவையும் துவக்கை மடித்துத் திறந்துவிடுவார். சறுக்கினாலும் வெடிக்காது. எனக்கு முன்னால் நடக்கவும் அனுமதியில்லை. பக்கத்தில், அதுவும் இடப்பக்கத்தில்தான்.

இதில் ஒரு கோணல் உண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அப்பா எந்த நாட்டுக்கும் பிரஜையில்லை. தன் பெயரில் துவக்கு லைசன்ஸ் கேட்டுக் கச்சேரிப் படி ஏறும் தைரியம் அவருக்குக் கிடையாது. ஆனால் கம்பனி நிலத்தைக் கம்பனித் துவக்கால் காக்கலாம். வருஷக் கடைசியில் கிளாக்கர் ஐயா லைசன்ஸ் புதுப்பிக்கப் பதுளைக்கு ரயிலேறுவார். அப்பா ஸ்டேஷன் வரை பெட்டி தூக்கிப்போவார்.

1971 ஏப்ரல் 5ஆம் தேதி விடியற்காலை கிளர்ச்சிக்காரர்களால் வெல்லவாயப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது. எங்கள் மலையிலிருந்து பார்த்தால் வெல்லவாயச் சமவெளி காலடியில் கிடக்கும். அந்த வாரமே தோட்டத்துத் துவக்கு பாதுகாப்புக்கென்று போய்விட்டது. திரும்பி வந்தபோது குழலுக்குள் துரு. மண்ணெண்ணெய், தேங்காய்ப்பொச்சு, தேயிலை ஸ்டோரில் மெஷினுக்கு விடும் எண்ணெய் என்று அப்பா நாட்கணக்கில் தேய்த்தார். துரு போனது, குழி போகவில்லை.

துவக்கு வந்த நேரம் தோட்டா போய்விட்டது. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். சீமைத் தோட்டா கடையில் கிடைப்பது நின்று, ஆபீஸ் அலமாரியில் இருந்ததைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தார்கள். ஒரு தோட்டா வாங்கினால் வெறுங்கூட்டையும் பன்றி வாலையும் காட்ட வேண்டும். 1973, 74இல் லயங்களில் பட்டினி. மாவு இல்லை, அரிசி இல்லை. பன்றி விழுந்தால் ஊரே சாப்பிடும். அந்த நாட்களில் ஒரு தோட்டா வீணானால் அப்பா யாரோடும் பேச மாட்டார்.

அந்தத் தோட்டாக்கள் கடதாசிக் கூடு. கச்சான் காற்று வீசும் ஆடி ஆவணியில் பிரச்சினையில்லை. ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏற்றுகிற அதே வறண்ட காற்று தோட்டாவையும் காயவைத்துவிடும். ஐப்பசி மழை பிடித்ததும் கடதாசி ஈரம் குடித்து ஊதும். ஊதின தோட்டா குழலுக்குள் பாதி போய் நிற்கும், பன்றியும் நின்று பார்த்துவிட்டுப் போகும். அப்பா டீமேக்கர் ஐயாவிடம் கெஞ்சி டஸ்ட் தேயிலை வாங்கி, பிஸ்கட் டின்னுக்குள் கொட்டி, அதற்குள் தோட்டாக்களைப் புதைத்து வைத்தார். தேயிலை சுற்றியிருக்கும் ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்பது எந்த ஸ்டோர்க்காரருக்கும் தெரியும். அதனால்தான் அந்தக் காலத்தில் தேயிலையைப் பெட்டியில் ஈயத்தாள் போட்டு அடைத்தார்கள். அதோடு, ஸ்டோர் பிட்டரிடம் சொல்லிக் குழலில் தோட்டா உட்காரும் இடத்தின் உள்ளளவுக்குச் சரியாக ஒரு பித்தளை வளையம் கடைந்து வாங்கினார். சாயங்காலம் குடிசைக்குப் போகுமுன் ஒவ்வொரு தோட்டாவையும் அந்த வளையத்தில் விட்டுப் பார்ப்பார். அடி விளிம்பு வரை நழுவி இறங்கினால் இன்றைக்கு; நடுவில் சிக்கினால் மறுபடி டின்னுக்குள்.

தோட்டங்கள் அரசாங்கக் கைக்குப் போயின, துரைமார் மாறினார்கள், பிளாஸ்டிக் தோட்டா வந்தது, அப்பா ஓய்வு பெற்றார். 83 ஜூலையில் பதுளை டவுனில் தமிழ்க் கடைகள் எரிந்தன. அதற்குச் சில வருஷங்களில் அக்கா குடும்பம் கனடாவுக்குப் போனது.

அக்கா மகன் ஒரு தடவை ஊருக்கு வந்தபோது, தான் கைத்துப்பாக்கிப் போட்டியில் சேர்ந்திருப்பதாகச் சொன்னான். யுத்தம் முடிந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. தமிழ்ப் பையன் பெட்டியில் துவக்குறை கிடந்தால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் என்ன கேட்பார்கள் என்று எங்களுக்குத் தெரியாதா? ஒன்றும் கொண்டுவரக் கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். கொண்டுவந்தது நேரம் பார்க்கும் சின்னக் கருவி ஒன்றும் மடிக்கணினி நிறைய வீடியோவும்தான். அப்பாவுக்கு அப்போது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து பேரனின் படங்களைப் பார்த்தார்.

ஐ.பி.எஸ்.சி. என்ற சர்வதேசச் சங்கத்தின் விளையாட்டு அது. 1976இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் கூடித் தொடங்கியிருக்கிறார்கள். முதல் தலைவர் ஜெஃப் கூப்பர். ஒரே இடத்தில் நின்று வட்டத்தைச் சுடுகிற போட்டியல்ல. மணி அடித்ததும் உறையிலிருந்து எடுத்து, ஓடி, தட்டிக்குப் பின்னால் நின்று, ஜன்னல் வழியாகச் சுட்டு, தோட்டாக்கூட்டை மாற்றி, மறுபடி ஓட வேண்டும். அட்டையின் நடுவில் பட்டால் ஐந்து, அடுத்த பகுதிக்கு மூன்று, ஓரத்துக்கு ஒன்று. தவறினால் பத்துப் போகும். கிடைத்த புள்ளியை எடுத்த வினாடியால் வகுப்பார்கள். அறுபது புள்ளியைப் பன்னிரண்டு வினாடியில் எடுத்தவருக்கு ஐந்து. ஐம்பத்தேழு புள்ளியைப் பத்து வினாடியில் எடுத்தவருக்கு ஐந்து தசம் ஏழு. மூன்று புள்ளி குறைந்தவர்தான் வென்றவர்.

“அப்ப அவசரக்காரனுக்குத்தான் பரிசா?” என்றார் அப்பா.

“அவசரப்பட்டா தவறிரும் தாத்தா. தவறுனா பத்து போயிரும்.”

“பன்னி தவறுனா ஒரு வாரம் சோறு போயிரும்,” என்று சொல்லிவிட்டு, அடுத்த படத்தைப் போடச் சொன்னார்.

துவக்கைப் பற்றிய பேச்சு வந்தபோதுதான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவன் வாங்கியிருந்தது செக் நாட்டு சி.இசட். ஷாடோ. முதல் வெடிக்கு விசையை நீளமாக இழுக்க வேண்டும். பிறகு குறுகிய இழுப்பு. அவனுக்கு எங்கள் வீட்டுக் கை, சின்னக் கை. முதல் இழுப்புக்கு விரல் நுனி சரியாக எட்டவில்லை. எட்டி இழுக்கிறபோது துவக்கே ஒரு பக்கம் திரும்பிவிடுகிறது. கைப்பிடியின் இருபக்கத் தகட்டையும் கழற்றி மெல்லிய அலுமினியத் தகடு போட்டான். சில மில்லிமீற்றர்தான். அப்பா தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “அறுக்க விட்டாங்களா?”

“என் சாமான் தாத்தா. யாரைக் கேக்கணும்?”

அப்பா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்து விசையின் கனம். போட்டியில் அவன் சேர்ந்திருந்த பிரிவு ப்ரொடக்‌ஷன். கடையில் விற்கிறபடியே ஏறக்குறைய வைத்திருக்க வேண்டிய பிரிவு. அப்போது அதில் முதல் இழுப்பு 2.27 கிலோவுக்குக் குறையக் கூடாது என்றிருந்தது. அந்த எல்லையைத் தொட்டும் தொடாமலும் நிறுத்துவதற்காகச் சுத்தியலின் ஸ்பிரிங்கைத் தளர்ந்ததாக மாற்றினான். விசை வெண்ணெயாக இறங்கியது. போட்டியன்று சுத்தியல் விழுந்தது, வெடிக்கவில்லை. தளர்ந்த ஸ்பிரிங்குக்குத் தோட்டாவின் அடியைப் போதுமான பலத்தோடு தட்ட முடியவில்லை. கொஞ்சம் கடினமான ஸ்பிரிங்குக்குத் திரும்பினான். அதோடு தட்டினால் சட்டென்று பற்றுகிற வேறு கம்பனிக் கேப்பைத் தேடி வாங்கினான். விசையைச் சிலாகிக்கிறவர்கள் எல்லாரும் இந்த வாசலுக்கு வந்துதான் திரும்பியிருக்கிறார்கள் என்றான். வீட்டில் பயிற்சி செய்யும்போது இதெல்லாம் தெரியாது. வெறும் துவக்கு எப்போதும் நன்றாகத்தான் வேலை செய்யும்.

முன்குறியில் சிவப்பு ஒளியிழை பதித்திருந்தான். வெளிச்சத்தை வாங்கி நுனியில் ஒரு புள்ளியாகக் காட்டும். பின்குறியில் தொழிற்சாலையில் வைத்த வெள்ளைப் பொட்டுகளைக் கறுப்பு மையால் மூடிவிட்டான். கண் முன்புள்ளியை மட்டும் பார்க்கட்டும் என்று. அப்பா சிரித்தார். “பின்னாடி கற்பூரம், முன்னாடி சுண்ணாம்பு.” அவனுக்கு விளங்கவில்லை. நான் விளக்கினேன். அதை இங்கிலீஷில் எழுதித் தரச் சொல்லித் தன் கூட்டாளிகளுக்கு அனுப்பினான்.

இடுப்புப் பட்டி மட்டும் இரண்டு. ஒன்று காற்சட்டையோடு, அதன்மேல் ஒட்டிக்கொள்ளும் விறைப்பான இன்னொன்று. எடுக்கும்போது உறை அசையக் கூடாது. தோட்டாக்கூடுகளின் பைகள் எந்தச் சரிவில் நிற்க வேண்டும் என்று பாகை பாகையாகத் திருப்பிப் பார்த்திருக்கிறான். கனடாவில் கைத்துப்பாக்கியின் கூட்டில் பத்துத் தோட்டாவுக்கு மேல் சட்டம் விடாது. அதனால் அடிக்கடி மாற்ற வேண்டும். அதனால் பையின் இடம் முக்கியம். அப்பா தன் இடது கையை நீட்டி, விரலிடுக்கில் இரண்டு தோட்டாவைச் செருகிக்கொண்டு துவக்கைத் தாங்கும் முறையைக் காட்டினார். வெறுங்கையில்தான். துவக்கும் இல்லை, தோட்டாவும் இல்லை, ஆனால் விரல்கள் சரியான இடைவெளியில் நின்றன.

பிறகு ஒரு படம் வந்தது. மேசைமேல் நூறு துளை போட்ட உலோகக் கட்டை. போட்டிக்கு முந்தின இரவு தான் நிரப்பின தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் துளைகளில் இறக்குகிறான். விளிம்புக்குச் சமமாக உட்கார்ந்தால் போட்டிக்கு. துருத்தி நின்றால் பயிற்சிக்கு ஒதுக்கிவைக்கிறான். அப்பா எழுந்து உள்ளே போனார். டிரங்குப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. பித்தளை வளையத்தைக் கொண்டுவந்து பேரன் கையில் வைத்தார். அது வீட்டில் இருந்தது எனக்கே தெரியாது. ஒருவேளை கம்பனியின் கணக்கில் எழுதப்படாத ஒரே சாமான் அதுதானோ என்னவோ.

அவன் அதை விரலில் மாட்டிப் பார்த்தான். பன்னிரண்டு போர் குழல். ஒரு இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டையாக்கினால் அதில் ஒரு உருண்டை போகும் அகலம் குழலுக்கு; தோட்டா உட்காரும் இடம் அதைவிடச் சற்று அகலம். கட்டைவிரலிலும் நிற்காமல் கழன்றது.

பொருட்களின் மேல் இவ்வளவு மோகம் தேவையா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது, கேட்டேன். ஐ.பி.எஸ்.சி.யில் பிரிவுகள் வைத்திருப்பதே அதற்காகத்தான் என்றான். ஓப்பன் என்ற பிரிவில் கண்ணாடிக்குறி, உதறலை அடக்கும் துளைவாய் என்று எதையும் பூட்டலாம்; ஒரு துவக்கின் விலை ஐயாயிரம் டாலரைத் தாண்டும். காசுள்ளவர் அங்கே காசுள்ளவரோடு மோதட்டும். தோட்டாவின் பலத்தையும் சும்மா விடுவதில்லை. உதறல் குறைய வேண்டுமென்று மருந்தைக் குறைத்துப் போட்டு வருகிறவர்கள் உண்டு. ஆகவே போட்டியிடத்தில் தோட்டாவை எடுத்து வேகம் அளக்கும் கருவிக்கு மேலாகச் சுடுவார்கள். குண்டின் நிறையைக் கிரெயினிலும் வேகத்தை வினாடிக்கு அடியிலும் வைத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 125 வர வேண்டும். 147 கிரெயின் குண்டு 900 அடி வேகத்தில் போனால் 132, போதும். இதே எண்ணை இலேசான குண்டை வேகமாக விட்டும் எட்டலாம். ஆனால் கனமான குண்டு மெதுவாகத் தள்ளுகிறது, இலேசானது வெடுக்கென்று உதைக்கிறது என்று அவன் கை சொல்கிறது. வேறொருவன் கை வேறு சொல்லும். எனக்கு இந்த விதிகள் பிடித்திருந்தன. விசையின் கனத்துக்கு ஒரு கீழெல்லை, தோட்டாவுக்கு ஒரு கீழெல்லை. அதற்கு மேலே உன் உடம்பை நீயே பார்த்துக்கொள்.

எங்கள் நாட்டிலும் குறி பார்க்கிறவர்கள் இல்லாமல் இல்லை. 1994இல், அதே கனடாவின் விக்டோரியா நகரில் நடந்த பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் மாலினி விக்ரமசிங்கவும் புஷ்பமாலி ராமநாயக்கவும் காற்றுத் துப்பாக்கி இணைப் போட்டியில் தங்கம் வாங்கினார்கள். ஆனால் தனியாள் ஒருவர் தன் கைக்கு ஒரு கைத்துப்பாக்கி பார்த்து வாங்குவது இங்கே நினைக்கக்கூடிய காரியமல்ல. அப்படியே இருக்கட்டும் என்பதுதான் என் எண்ணமும். இந்த நாடு துவக்கால் பட்டது போதும்.

அப்பா காலமான பிறகுதான் கனடாவின் சட்டம் மாறியது. 2022 ஒக்டோபர் 21 முதல் அங்கே கைத்துப்பாக்கி வாங்க முடியாது, விற்க முடியாது, ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்கு மாற்றவும் முடியாது. ஒலிம்பிக் பிரிவுக்காரர்களுக்கு விலக்கு உண்டு. இவனுடைய விளையாட்டுக்கு இல்லை. இருப்பதை வைத்துச் சுடலாம், அவ்வளவுதான். தன் கைக்கென்று தேய்த்துத் தேய்த்துச் சரிப்படுத்திய துவக்கு அவனோடு முடிகிறது. மகள் ஆசைப்பட்டாலும் கொடுக்க வழியில்லை.

போன மாதம் போன் எடுத்தான். நாற்பதைத் தாண்டியதும் முன்குறி மங்கத் தொடங்கிவிட்டதாம். தூரத்து அட்டை தெரிகிறது, கைநீளத்தில் உள்ள சிவப்புப் புள்ளி இரண்டாகத் தெரிகிறது. ஒளிப்புள்ளிக் கண்ணாடி பூட்ட அனுமதிக்கும் பிரிவு ஒன்று இப்போது இருக்கிறது. அவனுடைய பழைய துவக்கின் மேற்பகுதியில் அதைப் பூட்ட இடம் வெட்டவில்லை. வெட்டின புதிய துவக்கை வாங்கச் சட்டம் விடாது. வெட்டித் தருகிற கம்மியரைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

“தாத்தா கண்ணாடி போட்ட பிறகு எப்பிடி மாமா சுட்டாரு?”

“சுடல. வேற ஒருத்தர் சுட்டாரு. தாத்தா டார்ச் புடிச்சாரு.”

சிரித்தான். அடுத்த போட்டிக்கு நேரக் கருவியைப் பிடித்துக்கொண்டு சுடுகிறவரின் பின்னாலேயே ஓட ஆள் தேவையாம். பேர் கொடுத்திருக்கிறானாம்.